முன்னாடியே போய் உட்கார்ந்துடு

எங்கள் சொந்தத்தில் நேரம் தவறாமைக்குப் பெயர் போனவள் நான். பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரை எந்த மண்டபத்தில் கல்யாணம் என்றாலும், நாயனக்காரர்கள் வந்து சேரும் முன்னே நான் வந்து சேர்ந்திருப்பேன். சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்ப்பவர்கள், பெண் வீடா மாப்பிள்ளை வீடா என்று கேட்டுக்கொண்டே ஒரு காபி கொடுத்துவிட்டுப் போவார்கள். மூன்றாவது வரிசையில் ஓரத்து நாற்காலி எனக்கு. உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். சாப்பாடு தட்டில் என்னைத் தேடி வரும். தாலி கட்டி, பந்தி முடிந்து, பந்தல்காரர் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு என்னிடம் வந்து நிற்கும்போதுதான் எழுந்திருப்பேன். "பொண்ணுன்னா இப்படி இருக்கணும், போட்ட இடத்துல போட்டபடி" என்று என் சித்தப்பா தன் மகள்களுக்கு என்னை உதாரணம் காட்டுவார். அந்தப் பெண்கள் என்னை அடியோடு வெறுத்தார்கள்.

இத்தனைக்கும் காரணம் என் வலது கால். நான் பிறந்தபோது மூளைக்குப் போகவேண்டிய பிராணவாயு கொஞ்சம் தாமதமாகப் போனதாம். நான் தாமதமே ஆகாதவளாக வளர்ந்ததற்கு அதுதான் ஆரம்பம். உட்கார்ந்திருந்தால் ஒன்றும் தெரியாது. நடந்தால் முட்டி உள்பக்கம் திரும்பி, பாதம் தரையைத் தேய்த்துக்கொண்டு வரும். பிசியோதெரபி, எண்ணெய், திருநீறு எல்லாம் பார்த்து ஓய்ந்த பிறகு அம்மா தானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தாள். "முன்னாடியே போய் உட்கார்ந்துடு." யாரும் வருவதற்கு முன் உட்கார்ந்து, எல்லோரும் போன பின் எழுந்தால் காலில் ஒரு குறையும் இல்லை என்று கணக்கு. அப்பா சிறுசேரியில் கம்பெனி வேலை. விடியும்போது பஸ் ஏறினால் இருட்டிய பின்தான் வருவார். என் கால் சம்பந்தமான இலாகாவை அவர் எப்போதோ அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டார்.

அரசாங்கம் எனக்கு மாற்றுத்திறனாளி என்று மரியாதையான பெயர் ஒன்று வைத்து, அட்டையும் கொடுத்திருக்கிறது. நல்ல பெயர்தான். அதைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே எதிரில் இருப்பவரின் முகம் சாவு வீட்டுக்கு வந்தவர் முகமாக மாறிவிடுவதுதான் சங்கடம்.

பிளஸ் டூவில் எனக்கு நல்ல மார்க். கெமிஸ்ட்ரியில் பள்ளியிலேயே முதல். அந்தப் பாடத்தின் மேல் எனக்கு அப்படியொரு பைத்தியம். பியூரெட் குழாயிலிருந்து திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்தால், ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்து, ஏதோ ஒரு சொட்டில் கண்ணாடிக் குடுவை முழுக்க இளஞ்சிவப்பாகும். அந்தச் சொட்டில் நிறுத்தத் தெரிய வேண்டும். வகுப்பில் மற்றவர்கள் அவசரப்பட்டு ரோஸ் மில்க் தயாரித்துக்கொண்டிருந்தபோது நான் மட்டும் சரியாக நிறுத்துவேன். காத்திருந்து பழகியவள் அல்லவா. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, அதற்கு மேல் எம்.எஸ்ஸி., அதற்கு மேல் ஏதாவது ஒரு லேபில் வெள்ளைக் கோட்டு. வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் போகிற தூரத்தில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்று இருந்தது. பெயர் சொல்லப்போவதில்லை. படித்துவிட்டு இது எங்கள் கல்லூரி மாதிரி இருக்கிறதே என்று எந்தக் கல்லூரிக்காவது தோன்றினால், அதற்கு நான் பொறுப்பில்லை.

கவுன்சலிங்குக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வாட்ச்மேன் கேட்டைத் திறப்பதற்கு முன்பே நாங்கள் கேட்டில் நின்றோம். அம்மா முதல் நாளே ராகு காலம், எமகண்டம் எல்லாம் பார்த்து வைத்திருந்தாள் என்றாலும், அவள் உண்மையில் பார்த்துவைத்தது கலையரங்கத்தில் மேஜைக்கு மிகப் பக்கத்தில் இருந்த நாற்காலியைத்தான். "பேர் கூப்பிட்டதும் எந்திரிச்சு ரெண்டு அடி வெச்சா போதும். டக்குனு உட்கார்ந்துடு" என்றாள். அரங்கம் நிரம்பியது. எல்லாம் திட்டப்படி நடந்துகொண்டிருந்தது. அப்போது மைக்கில், கெமிஸ்ட்ரி கேட்டவர்கள் எல்லோரும் இரண்டாவது மாடியில் இருக்கும் துறைக்கு வரவேண்டும் என்று அறிவித்தார்கள்.

அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. எழுந்து நடந்தேன். அரங்கம் முழுவதும் வேடிக்கை பார்த்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியேறினேன். என்னைத் தாண்டிப் போன பிள்ளைகள் மேலே போய் வரிசையில் நின்று மூச்சு வாங்கினார்கள். நான் மூச்சு வாங்காமல் வந்து சேர்ந்தேன், கொஞ்சம் நேரம் கழித்து.

துறைத்தலைவர் என் சான்றிதழைப் புரட்டினார். "மார்க் பிரமாதம்மா" என்றார். பிறகு நான் உள்ளே நடந்து வந்த வழியைத் தரையில் ஒருமுறை பார்த்தார். "ஆனா டிபார்ட்மென்ட் செகண்ட் ஃப்ளோர்ல இருக்கே. எப்படி ஏறி வருவே?"

"இப்ப ஏறித்தான் சார் வந்தேன்."

"இன்னிக்கு வந்துட்டே. டெய்லி?"

"டெய்லியும் இதே மாடிதானே சார்?"

அம்மா மேஜைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினாள். பெரியவர்கள் முன்னால் நான் வாயைத் திறந்தால் அவள் செய்வது அது. துறைத்தலைவர் கோபப்படவில்லை. பொறுமையாக, அன்பாக, இரண்டாவது மாடிக்கு ஏறுவது எனக்கு ஏன் முடியாத காரியம் என்பதை, இரண்டாவது மாடியில் உட்கார்ந்திருந்த என்னிடம் விளக்கினார்.

அதன் பின் லேபுக்கு வந்தார். "மணிக்கணக்கா நிக்கணும்மா."

"ஸ்டூல் போட்டு உட்கார்ந்துப்பேன் சார். ஸ்கூல்ல அப்படித்தான் பண்ணினேன்."

"காலேஜ் லேப்ல ஸ்டூல் போட வழி இல்லையேம்மா."

அவருக்குப் பின்னால் லேபின் கதவு திறந்திருந்தது. உள்ளே லேப் அட்டெண்டர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து தினசரி படித்துக்கொண்டிருந்தார். நான் அந்த ஸ்டூலையே பார்த்தேன். நல்ல உயரமான, உறுதியான ஸ்டூல்.

"கையில ஆசிட்டோட விழுந்துட்டா என்னம்மா பண்றது? எங்க வீட்டுப் பொண்ணா இருந்தாலும் இதைத்தான் சொல்லுவேன்" என்றார். நம் ஊரில் ஒன்றை இல்லை என்று சொல்லும்போதுதான் நம்மைச் சொந்தக்காரராக்கிக்கொள்வார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு இடஒதுக்கீடு உண்டே என்று மெதுவாகக் கேட்டேன். மறுபடியும் கிள்ளு. "இருக்கே! அதெல்லாம் வருஷா வருஷம் கரெக்டா ஃபில் பண்ணிடறோம். கீழ எகனாமிக்ஸ்ல. கிரவுண்ட் ஃப்ளோர், கேன்டீன் பக்கம். உனக்கு ரொம்ப சௌகரியம். யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

"ரொம்ப தேங்க்ஸ் சார்" என்றாள் அம்மா.

அம்மா எல்லோருக்கும் தேங்க்ஸ் சொல்வாள். நிறுத்தத்தைத் தாண்டி இறக்கிவிட்ட ஆட்டோக்காரருக்குச் சொல்வாள். இனிமேல் வந்து பிரயோஜனமில்லை என்று சொன்ன டாக்டருக்குச் சொன்னாள். என்னை மூன்றாம் வகுப்பில் ஆண்டு விழா நடனத்திலிருந்து எடுத்துவிட்டு, மரமாக நிற்கவைத்த டீச்சருக்கு ஸ்வீட் பாக்ஸே கொடுத்தாள். அன்றைக்கு அந்தத் தேங்க்ஸ் எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

கீழே எகனாமிக்ஸ் வாசலில் ஒரு மேஜை போட்டு, புதிதாக வருகிறவர்களுக்கு வழி சொல்ல மூன்றாம் ஆண்டு அக்கா ஒருத்தியை உட்காரவைத்திருந்தார்கள். சக்கர நாற்காலி. மார்பில் பேட்ஜ். பின்னால் சுவரில் மாட்டியிருந்த கல்லூரி விளம்பரப் படத்திலும் அதே அக்கா, அதே நாற்காலியில், சிரித்துக்கொண்டு. திருமுடிவாக்கத்தில் அவள் அப்பா லேத் பட்டறையில் வேலை பார்த்தார். நான் நடந்து வந்ததைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"நீ இன்னா கேட்ட?"

"கெமிஸ்ட்ரி."

"நான் மேத்ஸ் கேட்டேன். குந்திக்கினு போடற கணக்குக்கு காலு இன்னாத்துக்குன்னேன். கிளாஸ் மூணாவது மாடில கீதுன்ட்டாங்க. பின்னாடி வர்றாரே ஒரு அண்ணன், கண்ணு தெரியாதவரு, அவரு ஹிஸ்டரி கேட்டாரு. வா, வந்து குந்து. நம்ம செட்டு மொத்தமும் இங்கதான் கீது."

உடலில் எங்கே குறை இருந்தாலும் கடைசியில் அது பொருளாதாரத்தின் மீது ஆர்வமாகத்தான் வெளிப்படுகிறது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றலாமே என்று யாருக்கும் தோன்றவில்லையா என்று அக்காவிடம் கேட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடுத்து வந்தவருக்கு ஆபீஸ் எந்தப் பக்கம் என்று சொல்ல ஆரம்பித்தாள்.

அன்றிரவு அப்பா, "எகனாமிக்ஸும் நல்ல கோர்ஸ்தானே?" என்றார். நான் சாப்பிடாமல் எழுந்து போனேன்.

கதை இங்கேயே முடிந்திருக்கும். நான் இந்நேரம் தேவையும் அளிப்பும் பற்றி விரிவாகப் பேசத் தெரிந்தவளாக இருந்திருப்பேன். அதை மாற்றியது சட்டமல்ல, சமூக நீதியல்ல. அம்மாவின் லீவு.

அம்மா குரோம்பேட்டையில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். அந்தப் பள்ளியின் நிர்வாகத்துக்கு ஆசிரியைகள் எல்லோரும் பொய் சொல்லி லீவு எடுக்கிறார்கள் என்று திடமான நம்பிக்கை. கல்யாணத்துக்கு லீவு என்றால் திரும்பி வரும்போது பத்திரிகை வைக்கவேண்டும். காய்ச்சல் என்றால் மருந்துச் சீட்டு. ஒரு டீச்சர் மாமனார் இறந்ததற்கு லீவு போட்டுவிட்டு, கருமாதிப் பத்திரிகையைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார். பள்ளி திறந்த முதல் வாரத்தில் என் கவுன்சலிங்குக்காக அம்மா லீவு போட்டிருந்தாள். அட்மிஷன் கிடைத்திருந்தால் ஃபீஸ் ரசீதைக் காட்டலாம். கிடைக்கவில்லையே. அப்படியானால் கிடைக்கவில்லை என்று கல்லூரியில் எழுதி வாங்கி வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆகவே மறுநாள் பள்ளி விட்டதும், அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு துறைத்தலைவரைப் பார்க்கப் போனாள். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "சார், கெமிஸ்ட்ரி சீட்டு குடுக்க முடியாதுன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துடுங்க சார். காரணத்தையும் போட்டுடுங்க. சீல் மட்டும் மறந்துடாதீங்க."

அவர் பேனாவை மூடிக் கீழே வைத்தார். "எழுத்துலயா? எதுக்கு மேடம்?"

"ஸ்கூல்ல லீவுக்குக் காட்டணும் சார்."

சத்தியமான வார்த்தை. ஆனால் ஆசிரியையிடம் மகளுக்கு சீட்டு கிடைக்காததற்கு அத்தாட்சி கேட்கும் பள்ளிக்கூடம் ஒன்று ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கும் என்று நம்ப அவர் தயாராக இல்லை. அம்மாவைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். முதல் நாள் அவருக்கு அவள் வெறும் ஒரு பெண்ணின் அம்மா, இன்றைக்கு மேடம். உட்காரச் சொன்னார். வெளியே போய்ப் போனில் பேசினார். காபி வந்தது. கூடவே முந்திரி பிஸ்கட் வந்தது. "உங்களுக்கு யாரு மேடம் இப்படி எழுதி வாங்கச் சொன்னது?" என்று இதமாக விசாரித்தார். "எங்க மேனேஜ்மென்ட் சார், ரொம்ப ஸ்ட்ரிக்ட்" என்றாள் அம்மா. அவர் மறுபடியும் போன் பேசப் போனார். கடைசியில் எழுத்தில் எதுவும் வேண்டாம், சனிக்கிழமை முதல்வரை வந்து பாருங்கள், நல்லதே நடக்கும் என்று வாசல் வரை வந்து அனுப்பிவைத்தார்.

"எவ்ளோ நல்ல மனுஷங்க பாரு" என்றாள் அம்மா ஆட்டோவில். எனக்குச் சந்தேகம் தட்டியது. எழுதிக் கொடுக்க ஏன் இப்படி நடுங்குகிறார்கள் என்று போனில் தேடினேன். தாம்பரம் வருவதற்குள் தெரிந்துவிட்டது. ஊனத்தைக் காரணம் காட்டி சேர்க்க மாட்டேன் என்று சொல்லக்கூடாது. சேர்த்து, வேண்டிய வசதியும் செய்துகொடுக்க வேண்டும். சட்டம் தெளிவாக இருக்கிறது. புகார் கேட்பதற்கென்று ஒரு ஆணையரே இருக்கிறார். நேற்று அவர்கள் அன்பாகச் சொன்னதையெல்லாம் தாளில் எழுதி சீல் குத்தினால், குற்றத்தை ஒப்புக்கொண்ட வாக்குமூலம் ஆகிவிடும். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஆட்டோவுக்குச் சில்லறையை எண்ணி எடுத்து வைத்தாள். அப்புறம், "அப்போ என் லீவுக்கு என்ன காட்டறது?" என்றாள்.

சனிக்கிழமை முதல்வரின் அறையில் ஏ.சி. பலமாக இருந்தது. நாங்கள் வழக்கம்போல முன்னாடியே போய் உட்கார்ந்திருந்தோம். கல்லூரி பெரிய மனது பண்ணி எனக்கு கெமிஸ்ட்ரி கொடுப்பதாக முடிவெடுத்திருக்கிறது என்று முதல்வர் அறிவித்தார். என் கண்ணில் நீர் வந்துவிட்டது. மறைக்கவில்லை, சந்தோஷத்தில்தான். பிறகு அவர் டைப் அடித்த தாள் ஒன்றை அம்மா பக்கம் நகர்த்தி, மேலே பேனாவை வைத்தார். "சும்மா ஃபார்மாலிட்டிதான் மேடம்."

அம்மா டீச்சர். எதையும் வாசிக்காமல் கையெழுத்துப் போடமாட்டாள். போட்ட பிறகு தேங்க்ஸ் சொல்வாள், அது வேறு. விரல் வைத்து வரிவரியாக வாசித்தாள். நானும் எட்டிப் படித்தேன். எங்கள் மகளை எங்கள் சொந்தப் பொறுப்பில் சேர்க்கிறோம். லிஃப்ட், நாற்காலி, தேர்வில் கூடுதல் நேரம் உள்பட எந்த வசதியும் எப்போதும் கேட்கமாட்டோம். விழுந்தாலோ, அடிபட்டாலோ, தொடர முடியாமல் நின்றுபோனாலோ கல்லூரி பொறுப்பாகாது. இவ்வளவுக்கும் பிறகும் எங்கள் மகளுக்கு இடமளித்த நிர்வாகத்துக்கு மனமார்ந்த நன்றியுடன், இப்படிக்கு.

"போடாதேம்மா" என்றேன். தொடையில் கிள்ளு விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை.

"சார், இந்த மாதிரி எல்லாப் பிள்ளைங்க கிட்டயும் எழுதி வாங்குவீங்களா?" என்று கேட்டாள் அம்மா. குரல் வழக்கமான பணிவான குரல்தான்.

"மத்தவங்களுக்குத் தேவையில்லையே மேடம்."

"ஆசிட் எல்லார் மேலயும் கொட்டும் சார்." அம்மா கடைசி வரியில் விரலை வைத்தாள். "அப்புறம் இந்த நன்றி. அதை நான்தானே சார் சொல்லணும்? எனக்குப் பதிலா நீங்களே டைப் அடிச்சு வெச்சிருக்கீங்க."

முதல்வர் சிரிக்கப் பார்த்தார். அதெல்லாம் வழக்கமான வாசகம், வேண்டாமென்றால் நன்றியை எடுத்துவிடலாம் என்றார். மற்றது இருக்கட்டும், கையெழுத்து இல்லாமல் சீட்டு கஷ்டம் என்றார்.

அம்மா பேனாவை எடுத்து மூடி, தாளின் மேல் வைத்து, இரண்டையும் அவர் பக்கமே நகர்த்தினாள். "அப்போ அதையே எழுதிக் குடுத்துடுங்க சார். கையெழுத்து போடலைன்னா என் பொண்ணுக்கு சீட்டு இல்லைன்னு. சீலோட." அவளுக்கு மூச்சு வாங்கியது. "இந்தத் தடவை லீவுக்கு இல்ல சார்."

தேங்க்ஸ் சொல்லாமல் எழுந்தாள். அம்மா தேங்க்ஸ் சொல்லாமல் வெளியே வந்து நான் பார்த்த ஒரே அறை அதுதான். வராந்தாவில் அவள் கையை எட்டிப் பிடித்துக்கொண்டேன். பெஞ்சில் உட்கார்ந்தோம். சீட்டு போய்விட்டது என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம். சற்று நேரத்தில் ஆபீசிலிருந்து ஒருவர் வந்து, ஃபீஸ் கட்டலாம், தாள் எதுவும் தேவையில்லை, ஸ்டூல் போடச் சொல்லியாகிவிட்டது என்று சொன்னார். அட்டெண்டரின் தினசரி வாசிப்பு இனி எப்படி நடக்குமோ என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

ஃபீஸ் கட்டிவிட்டு வரும் வழியில் எகனாமிக்ஸ் வாசலில் அந்த அக்காவிடம் போய் நடந்ததையெல்லாம் சொன்னேன். லீவுக் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்கம்மா ரெண்டு வருசம் முன்னாடியே லீவு போட்டுக்கினு வந்திருக்கக் கூடாதா?" என்றாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை. அவளுக்கும் அதே சட்டம்தான். அவளுடைய அப்பாவிடம் யாரும் லீவுக்கு அத்தாட்சி கேட்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இதை நினைத்தால் இப்போதும் ஆத்திரமாக வருகிறது.

முதலாமாண்டு வரவேற்பு விழா திங்கட்கிழமை காலை. ஃபீஸ் ரசீது கையில் இருந்த தைரியத்தில் அம்மா மறுபடியும் லீவு போட்டிருந்தாள். நான் பழக்கப்படி விடிவதற்கு முன்பே குளித்துத் தயாராகிவிட்டேன். அம்மா தோசை வார்த்தாள். சாப்பிட்டேன். இன்னொன்று போட்டாள். "போதும்மா, கிளம்பலாம்." "சாப்பிடு." நான் சாப்பிட்டதும் புடவையை மாற்றிக்கொண்டு வந்தாள். பிறகு, கதவைப் பூட்டியவள் மறுபடி திறந்து, கேஸை மூடினேனா என்று பார்க்கப் போனாள். "லேட் ஆகுதும்மா" என்று கத்தினேன். "ஆகட்டும்" என்றாள் உள்ளே இருந்து. அவளுக்கு மறுபடியும் பயம் வந்துவிட்டது, என்னை அனுப்ப மனமில்லை என்று நினைத்து எனக்குக் கோபம் பொங்கியது. ஆட்டோவில் அவளோடு பேசவே இல்லை.

கலையரங்கத்து வாசலுக்குப் போனபோது உள்ளே நிரம்பியிருந்தது. மேடையில் முதல்வர் பேசிக்கொண்டிருந்தார். கெமிஸ்ட்ரி என்று எழுதிய அட்டை மேடைக்கு நேர் கீழே, முதல் வரிசையில் இருந்தது. பின்னால் சுவரோரமாக ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது.

"இங்கயே உட்கார்ந்துக்கறேம்மா."

"உன் இடம் அங்கதானே இருக்கு?"

"எல்லாரும் பார்ப்பாங்க."

"பார்க்கட்டும்" என்றாள் அம்மா. "மெதுவாப் போ."

நடந்தேன். பாதம் தரையைத் தேய்க்கும் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. இரண்டு பக்கமும் தலைகள் திரும்பின. முதல்வர் ஒரு சொல்லில் தடுக்கி, தண்ணீர் குடித்தார். பயமாகத்தான் இருந்தது. பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்தேன். அம்மா வாசலை விட்டு நகரவில்லை. இரண்டாவது தோசையும் கேஸும் எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. நான் நடக்கும்போதெல்லாம் அவள் கண்கள் என் மேல் இருந்ததே கிடையாது. சுற்றிலும் யார் யார் பார்க்கிறார்கள் என்றுதான் தேடும். அன்றைக்கு அவள் என்னை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள்.